லேப் சாவி யாரிடம் இருக்கிறது?

(திண்டுக்கல்லில் மாணவர்களும் களப்பணித் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'பள்ளிகளில் கணினிக் கல்வியின் தரத்தை உயர்த்துவது எப்படி' என்பது எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. கல்வித்துறை நடத்துகிற பணியிடைப் பயிற்சி மாதிரி இருக்குன்னு ஒரு தோழர் சிரிச்சார். நிலவுரிமை, வன்கொடுமை வழக்கு, கோயில் நுழைவு என்று பேசுகிற மேடையில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று நினைக்கிறவர்களும் இருப்பீர்கள். இருக்கட்டும். நான் தரம் என்ற வார்த்தையை விட்டுவிட்டு ஒரு சாவியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு பூட்டு தொங்கும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? வாரத்தில் எத்தனை முறை அது திறக்கிறது? திறந்தால், உள்ளே போகிற பிள்ளையின் விரல் கீபோர்டில் எத்தனை நிமிஷம் இருக்கிறது? தரத்தை இந்த மூன்று கேள்வியால் அளக்கலாம். மற்றதெல்லாம் சர்க்குலர்.

நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் மேல்நிலை படித்தவன். பெயர் வேண்டாம். அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு ஸ்டார் ஆபிஸ் ஒரு தொகுதி, சி பிளஸ் பிளஸ் ஒரு தொகுதி. லேப் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே சுவரில் 'அனுமதியின்றித் தொடாதே' என்று எழுதியிருக்கும். முன்னால் நிற்கிறவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்று, தொடாதே, தள்ளி நில் - இந்த மூன்றையும் காலனிப் பிள்ளைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னதுதானே என்பார்கள். உண்மை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் கால் தானாக இரண்டடி பின்னால் போகும். வீட்டில் மெஷின் வைத்திருக்கிற பிள்ளை அதைக் காதில் வாங்காமல் போய் நாற்காலியில் உட்காரும். ஒரே விதி, இரண்டு விளைவு. கணக்குப் போட்டுப் பாருங்க. அறுபது பிள்ளைகள், ஓடுகிற மெஷின் பத்து. ஒரு மெஷினுக்கு ஆறு பேர். முக்கால் மணி நேரப் பீரியட்டில் ஆளுக்கு ஏழரை நிமிஷம். அதுவும் சமமாகப் பங்கு போட்டால். நம் ஊரில் எது சமமாகப் பங்கு போடப்பட்டிருக்கிறது?

இது பழைய கதை, இப்ப ஹைடெக் லேப் வந்தாச்சுல்ல என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் போட்டிருக்கிறார்கள். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஐம்பது லட்சம் அளவுக்கு லேப்டாப் போயிருக்கிறது. நம் காலனி வீடுகளுக்குள் புத்தகத்துக்கு அடுத்து நுழைந்த பெரிய பொருள் அந்த லேப்டாப்தான். அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று சொன்னவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைக்குக் காசு கொடுத்து அதே பொருளை வாங்கிக் கொடுத்தவர்கள். ஆனால் லேப்டாப் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்கு வந்து கையில் விழுந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷம், ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை, அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது யார்?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 23-ஆவது பாடம், கடைசிப் பாடம், 'காட்சித் தொடர்பு'. அதில் ஸ்கிராட்ச் வருகிறது. ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் குழந்தைகளுக்காகவே செய்து 2007-ல் வெளியிட்ட ஒரு நிரல் விளையாட்டு. கட்டங்களை ஒன்றோடொன்று மாட்டினால் பூனை நடக்கும், குதிக்கும், பேசும். காசில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளும். நம் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள்? மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன, ஸ்கிரிப்ட் எடிட்டர் என்றால் என்ன என்று கோடு போட்டு மனப்பாடம் பண்ணுகிறார்கள். பூனை ஒருநாளும் நடந்ததில்லை. நீச்சலைத் தரையில் நின்று ஒப்பிக்கிற மாதிரி. நடத்துகிற அறிவியல் ஆசிரியரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் முடிக்கவே பிப்ரவரி ஆகிவிடும்.

ஏன் அறிவியல் ஆசிரியர் தலையில் விழுந்தது? கணினி படித்து பி.எட். முடித்தவர்கள் இந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இருக்கிற மாதிரி, உயர்நிலை வகுப்புகளில் கணினிக்கு இல்லை. பி.எட். பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் உண்டு, வேலை கொடுக்க இடம் இல்லை. சமச்சீர் கல்வி வந்தபோது ஆறாம் வகுப்பிலிருந்தே கணினியைத் தனிப்பாடமாகக் கொண்டுவரும் பேச்சு எழுந்து, அது அப்படியே கைவிடப்பட்டது என்று அந்தப் பட்டதாரிகள் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துவருகிறார்கள். 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் என்று போன அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டரும் ஒன்று. அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். பத்து வருஷத்துக்கு மேல் போராடியும் அவர்கள் இன்னும் பகுதிநேரம்தான். இதில் எத்தனை பேர் நம் தெருப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரி, கடன் வாங்கிப் படித்த பி.எட்.

மேல்நிலையில் நடந்தது இன்னொரு கதை. 1999-க்குப் பிறகு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டரை அரசு நேரடியாக நடத்தாமல் தனியார் கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. மெஷினும் கம்பெனியுடையது, வாத்தியாரும் கம்பெனியுடையவர். சொற்பச் சம்பளம். பிற்பாடு அந்தப் பயிற்றுநர்களுக்கு 2008-ல் ஒரு சிறப்புத் தேர்வு வைத்தார்கள். அதில் தேறாதவர்கள் வழக்கு, மேல்முறையீடு என்று அலைந்து கடைசியில் வேலையை இழந்தார்கள். கணக்கு வாத்தியாரை இப்படி யாராவது காண்ட்ராக்டில் எடுத்து, பத்து வருஷம் கழித்துத் தெருவில் விட்டிருக்கிறார்களா? அப்புறம் 2019-ல் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. ஜூன் 23. கம்ப்யூட்டரிலேயே தேர்வு. சில மையங்களில் சர்வர் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் வாத்தியார் தேர்வு எழுத வந்தவர்கள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று வெளியே நின்று கோஷம் போட்டார்கள். நான் கவிதை எழுதுகிறவன். இதைவிட நல்ல படிமம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். 2018-19-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த வருஷம் பன்னிரண்டுக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. பழையதோடு ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான், எஸ்.க்யூ.எல். நகரத்து சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளை படிப்பதற்குக் குறைவில்லாத பாடம். எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேல்நிலையில் கணினிக்கு மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம். முதலாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் படிக்கிற குரூப்புக்கு. இரண்டாவது வணிகவியல் குரூப்புக்கு. மூன்றாவது தொழிற்கல்விக்கு. முதல் குரூப் பிள்ளை நிரல் எழுதும். வணிகவியல் குரூப்புக்கு வலைப்பக்கம் செய்வதோடு பேஜ்மேக்கர் ஒரு பாடம். அடோபி கம்பெனி பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பை 2001-ல் விட்டு, 2004-ல் அதை வளர்ப்பதையே நிறுத்திவிட்டது. நம் சிறுபத்திரிகைகள் பேஜ்மேக்கரில் வளர்ந்தவைதான், நன்றி மறக்கவில்லை. ஆனாலும் கம்பெனி கைகழுவிப் பதினைந்து வருஷம் ஆன ஒன்றைப் புதிய பாடத்திட்டத்தில் வைப்பானேன்?

பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் யார் எந்தக் குரூப் என்று பிரிக்கிறார்கள். மார்க் குறைந்தவன் தொழிற்கல்விக்குப் போ என்று சொல்வார்கள். அந்த வரிசையின் கடைசியில் யார் நிற்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டுமா? மெஷினுக்குக் கட்டளை எழுதுகிறவன் ஒருவன், எழுதிக் கொடுத்ததை டைப் அடிக்கிறவன் ஒருவன். அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையில் வேலைப் பிரிவினை பற்றி வாதிடுவதை இந்த மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருதரம் படித்துப் பாருங்கள்.

முதல் குரூப்பிலாவது ஒழுங்காக நடக்கிறதா? செய்முறைத் தேர்வுக்கு 20 மார்க், அகமதிப்பீடு 10, எழுத்துத் தேர்வு 70. செய்முறைக்கு எந்த நிரல்கள் வரும் என்று புத்தகத்திலேயே பட்டியல் இருக்கிறது. முதல் நிரல் ஃபேக்டோரியல். பிள்ளை அதை நோட்டில் எழுதும், வெளியீட்டையும் சேர்த்து எழுதும். தேர்வன்று அதையே மனப்பாடமாக எழுதி வைக்கும். ஐந்தின் ஃபேக்டோரியல் 120 என்று சொல்லும். ஆறு கொடுத்தால் என்ன வரும் என்றால் விழிக்கும். நான் மாலை வகுப்பில் சோதித்துப் பார்த்ததுதான் இது. பிள்ளை மக்கு இல்லை. அந்த நிரலை மாற்றிப் பார்க்கலாம், தப்பாக அடிக்கலாம், மெஷின் கோபித்துக்கொண்டால் மறுபடி அடிக்கலாம் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. நிரல் எழுதக் கற்பதில் முக்கால்வாசி தப்புப் பண்ணுவதுதான். தப்புப் பண்ண நேரம் வேண்டும். ஏழரை நிமிஷத்தில் தப்புப் பண்ண முடியாது.

பள்ளிக்கும் இதில் அக்கறை வராததற்கு ஒரு காரணம் உண்டு, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்தான் சேரும். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரவே கம்ப்யூட்டர் பாடத்து மார்க் ஒன்றுக்கும் உதவாது! அதனால் தலைமையாசிரியருக்கு அது 'மார்க் போடுகிற பாடம்'. அந்தப் பீரியட்டைக் கணக்கு வாத்தியார் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். லேப் பூட்டியே கிடக்கும். அல்லது திறந்திருந்தால் உள்ளே ஆசிரியர்கள் எமிஸ் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

2021-ல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. நம் பிள்ளைகள் நல்ல கல்லூரிகளுக்குள் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் முதல் செமஸ்டரில் பக்கத்து நாற்காலிக்காரன் ஆறாம் வகுப்பிலிருந்து நிரல் எழுதுகிறவன். இவனோ நோட்டில் எழுதிப் பழகியவன். வாசலில் ஒதுக்கீடு கொடுத்துவிட்டு லேப்பில் ஒதுக்கிவைத்தால் அரியர் விழத்தான் செய்யும். அப்புறம் 'கோட்டாவில் வந்தவன்' என்பார்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச விரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழிப் புத்தகத்தில் கலைச்சொற்கள் கடினம், ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சி பிளஸ் பிளஸ்ஸில் 'கிளாஸ்' என்று ஒன்று வரும். நம் பாடநூல் அதை 'இனக்குழு' என்று மொழிபெயர்த்திருக்கிறது. 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதற்கு 'மரபுரிமம்'. மொழிபெயர்த்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்களோ தெரியாது, காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இதைவிட வாகான சொற்கள் கிடைக்காது. மாலை வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டுச்சு: "அண்ணே, அடிப்படை இனக்குழுவில இருக்கறதெல்லாம் தருவிக்கப்பட்ட இனக்குழுவுக்குத் தானா வந்துருமா?" வரும் என்றேன். "எங்கப்பா தோல் ஷாப்புல வேலை பாக்குறாரு, அது மாதிரியா?" என்றது. வகுப்பே அமைதியாகிவிட்டது. திண்டுக்கல்லில் தோல் ஷாப் வேலை எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு வாரிசாக வரும் என்று எல்லோருக்கும் தெரியுமே. அப்புறம் நான் பிரைவேட், பப்ளிக் நடத்தினேன். ஒரு இனக்குழுவுக்குள் எதையும் குறிப்பிடாமல் விட்டால் அது பிரைவேட். வெளியே இருக்கிறவன் தொட முடியாது. தருவிக்கப்பட்ட இனக்குழுகூட நேரடியாகத் தொட முடியாது. பொது என்று வேண்டுமானால் 'பப்ளிக்' என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும். பையன்கள் கிணறு, குளம், சுடுகாட்டுப் பாதை என்று அவர்களாகவே உதாரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஓவர்ரைடிங். மரபாக வந்த செயற்கூறை அதே பெயரில் தருவிக்கப்பட்ட இனக்குழு தனக்கு வேண்டியபடி திருப்பி எழுதிக்கொள்ளலாம். அதை நடத்தும்போது அந்தத் தங்கச்சி முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. அது எழுதிய நிரல் மூன்று தடவை பிழை காட்டியது, நாலாவது தடவை ஓடியது.

சொல் கடினமாக இருப்பதில்லை. அந்தச் சொல்லைப் பிள்ளையின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் பணியிடம் இல்லை.

செல்போன் எல்லார் கையிலும் இருக்கு, அதுவே கம்ப்யூட்டர்தானே என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. முதல்நிலையில் ஒரு மணி நேரத்தில் நூறு கேள்வி. ரீல்ஸ் தள்ளுகிற கட்டைவிரல் மவுஸில் தடுமாறுவதைப் பயிற்சி வகுப்பில் வாராவாரம் பார்க்கிறேன். விடை தெரியும், நேரம் போய்விடும். இது கம்ப்யூட்டர் சயின்ஸ்கூட இல்லை, வெறும் பழக்கம். அதுவே கிடைக்கவில்லை.

வங்கி என்றதும் இன்னொன்று. வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் சும்மா வந்துவிடவில்லை. 1983-லும் 1987-லும் 1993-லும் சங்கங்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வந்தது. அந்தச் சங்கங்கள் மேல் எனக்கு விமர்சனம் நிறைய உண்டு. தலித் ஊழியர் பிரச்சினை அங்கே பேச்சுவார்த்தை மேசைக்கு வந்த லட்சணம் தனிக்கதை. ஆனாலும் மெஷின் வரும்போது அது எந்த நிபந்தனையில் வர வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு அமைப்பு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் மெஷின் வரும்போது பிள்ளை சார்பாகக் கேட்க யார் இருந்தார்கள்? மாணவர் அமைப்புகள் கட்டணம், விடுதி, உதவித்தொகைக்குப் போராடுகின்றன. லேப் நேரத்துக்காக ஒரு போராட்டம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்துக் கேரளத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அங்கே 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று ஆரம்பித்தார்கள். 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. உயர்நிலை வகுப்புகளில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடம், செய்முறைத் தேர்வோடு. கட்டற்ற மென்பொருளான லினக்ஸில் நடத்துகிறார்கள், அதனால் கம்பெனிக்கு உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று பள்ளிதோறும் மாணவர் மன்றம் வைத்தார்கள். மன்றத்துப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. கேரளம் சாதியில்லாத சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பள்ளி வாத்தியாருக்குப் பயிற்சி கொடுத்து உள்ளேயிருந்து கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் ஹைடெக் லேப்களுக்கான ஒப்பந்தத்தை எடுத்ததும் கேரள அரசின் கெல்ட்ரான்தான். கேரளாவிடமிருந்து பெட்டியை வாங்கினோம், பாடத்தை வாங்கவில்லை. 2025-ல் டி.என். ஸ்பார்க் என்ற பெயரில் ஆறாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் என்று பாடத்திட்டம் அறிவித்தார்கள். வரவேற்போம். அதோடு கேட்போம்: நடத்துவதற்குக் கணினி படித்த ஆசிரியர் எங்கே? வாரத்தில் எத்தனை பீரியட்?

இப்போது நம் சொந்த வீட்டு விஷயம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 1893 அரசாணை, 1894-ல் ஆல்காட் திறந்த பஞ்சமர் பள்ளி, 1920-லிருந்து தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள் என்று நீளுகிற வரலாற்றின் மிச்சம் இவை. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் இவற்றோடு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உண்டு. வேறு துறை என்பதால் பள்ளிக் கல்வித்துறைக்குக் கிடைக்கிற பல திட்டங்கள் இவற்றுக்குப் பிந்தித்தான் வந்து சேரும். 2023 பட்ஜெட்டில் எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது நம்மிடையேயே இரண்டு கருத்து வந்தது. நான் அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. எந்தத் துறை நடத்தினாலும், அந்தப் பள்ளிகளில் லேப் இருக்கிறதா, பூட்டு திறக்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வேலையைச் சொல்லி முடிக்கிறேன். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் பள்ளிக்கு ஒரு மனு. கேள்விகள் இவ்வளவுதான்: இருக்கிற மெஷின் எத்தனை, அதில் இன்று ஓடுவது எத்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் கால அட்டவணையில் கம்ப்யூட்டர் பீரியட் எத்தனை, நடத்துகிறவர் நிரந்தரமா, பகுதிநேரமா, பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளமா, லேப் பதிவேட்டில் போன மாதம் மாணவர்கள் உள்ளே போனதாக எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது. பதிவேட்டு நகல் கட்டாயம் கேளுங்கள். பதில் வர முப்பது நாள். வந்ததைத் தொகுத்து மாவட்டக் கல்வி அலுவலரிடமும் ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் கொடுப்போம், நம் பத்திரிகையிலும் போடுவோம்.

மாலை வகுப்பு இப்போது ஒரு தெருவில் மட்டும் நடக்கிறது. பழைய அரசு லேப்டாப் பழுதாகி அலமாரியில் கிடந்தால் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் பேட்டரிதான் போயிருக்கும். லினக்ஸ் போட்டால் நன்றாக ஓடுகிறது. அந்தந்தத் தெருச் சமுதாயக் கூடத்தின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதுதான் இப்போதைக்குத் தீராத பிரச்சினை, அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவோம்.

மனுப் படிவம் வெளியே மேசையில் அச்சடித்து வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பள்ளி எடுத்து, பெயரை எழுதிவிட்டுப் போங்கள். டவுன் பள்ளிகளுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கம் இன்னும் ஆள் வேண்டும்.